புக்கிலும் துச்சிலும்

நிலையாகக் குடியிருக்கும் வீட்டைப் 'புக்கில்' என்றும், பிறர் மனையில் ஒண்டிக் கிடக்கும் ஒதுக்கிடத்தைத் 'துச்சில்' என்றும் பிரித்துப் பெயரிட்டது நம் தாய்மொழி. உடம்புக்கும் உயிர்க்கும் உள்ள தொடர்பை விளக்க, வள்ளுவப் பேராசான் நிலையாமைப் பகுதியில் இவ்விரு சொற்களையும் ஆண்டார். பல்லாண்டு இதனை வகுப்பில் நடத்தியும் அதன் பொருளை யான் உணர்ந்தேனல்லேன். உணர்த்தியது நாஞ்சில் நாட்டுப் பள்ளியொன்றின் வருகைப் பதிவேடு.

ஒரு மாணவன் ஓராண்டிற்குள் மும்முறை முகவரி மாற்றித் தந்தான். பாடம் எழுதாது வந்தவனைப் பலர்முன் கடிந்துகொண்டேன். (அதற்காக இன்றும் நாணுகிறேன்.) பின்னரே செய்தி தெரிந்தது. தந்தை எய்ட்சு நோயால் மறைந்தவர், தாய் எச்.ஐ.வி. நச்சுயிரி உற்று மருந்துண்டு வருபவர். குடிக்கூலி வீட்டின் உரிமையாளர் குப்பையில் மருந்துக் குப்பியொன்றைக் கண்டார். அடுத்த திங்களே, "என் மகளுக்கு வீடு வேண்டும்" என்றார். இரண்டாம் வீட்டிற்கு இவர்கள் செல்லுமுன் பேச்சுச் சென்றுவிட்டது. மூன்றாவது, உறவினர் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை. அங்கே அவ்வம்மையார் குப்பியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார். ஆள் நடமாட்டம் ஓயாத இரவுகளில் மருந்துண்ணாமலே படுத்தார்.

இம்மருந்து நாள் தவறாது உண்ணற்குரியது. அவ்வாறு உண்டால் நச்சுயிரி குருதியில் அளந்தறிய இயலா அளவிற்கு ஒடுங்கும். அந்நிலை நீடிக்குங்காறும் உடலுறவாலும் பிறர்க்குத் தொற்றாது. அடிக்கடி தவறினாலோ, நச்சுயிரி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும். நெரிசலான, காற்றோட்டமற்ற அறைகளில் எளிதிற் பரவும் என்புருக்கி நோயே இத்தகையோரை மிகுதியாக மாய்ப்பது. 2004 ஏப்பிரல் முதல் அரசு விலையின்றி மருந்து தருகிறது. நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிலும் பெறலாம். மருந்து உண்டு; அதனை அச்சமின்றி எடுத்து வைக்க ஒரு மாடம் இல்லை!

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவான் என மருத்துவத்தை நாற்கூறாக்கினார் வள்ளுவர். திங்கள்தோறும் மூட்டை கட்டுவோளுக்கு அருகிருந்து பேணுவார் யார்? எங்கிருந்து பேணுவார்? அமெரிக்க நாட்டார் 1990-லேயே இந்நோயுற்றார்க்கு வீட்டுதவி செய்தற்கென்றே தனிச்சட்டம் இயற்றினர். உயிர்காக்கும் கூட்டுமருந்து முறை அன்று வந்திருக்கவில்லை என்பதையும் எண்ணுக.

வீடின்மை நோயை முற்றச் செய்வதோடு நிற்பதில்லை. நோய்க்கு வழியும் திறக்கிறது. தங்க ஒரு கூரைக்காக ஒருவனை அண்டியிருக்கும் பெண், 'ஆணுறை இன்றி ஒவ்வேன்' என்று எவ்வாறு சொல்வாள்? சொன்னால் அன்றிரவே தெருவில் நிற்பாள். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணாக்கி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்நச்சுயிரியைக் கண்டறிந்தது ஆறு பெண்களின் குருதியில். காவல்துறையினர் பிடித்துக் காப்பகங்களில் அடைத்து வைத்திருந்த பாலியல் தொழிலாளர் அவர்கள். ஊரார் அவர்தம் ஒழுக்கத்தைப் பேசினர். அவர்க்கு வீடு இருந்ததா என்று கேட்டார் எத்துணைப் பேர்?

குமரிக்கும் இது புறம்பன்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர் ஆழ்கடலிலும் கொச்சித் துறைமுகத்திலுமாக வாரக்கணக்கில் வாழ்கின்றனர். கொத்தனாரும் கையாளும் சேரநாட்டுக் கொட்டகைகளில் உறங்குகின்றனர். இடம்பெயர் தொழிலாளர்க்கு இந்நோய்வாய்ப்பு மிகுதி என்று நடுவணரசின் எய்ட்சு தடுப்புத் திட்டமே தனித்துக் குறித்துள்ளது. அவர் குருதி கெட்டதன்று. குடும்பத்தோடு உறைய இடமின்றிப் பிழைப்புத் தேடி அலைவதே ஏது.

ஒரே வீட்டில் உறைவதாலோ, ஒரே கலத்தில் உண்பதாலோ, ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்துவதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. தொற்றாது. பத்தாம் வகுப்பு மாணவனும் அறிந்த செய்தி இது. பட்டம் பெற்ற வீட்டுக்காரர் அறியாதவர்போல் நடிக்கிறார். சாதி கேட்டு வீடு மறுத்த அதே நாவே இன்று நோய் கேட்டு மறுக்கிறது.

2017-இல் இயற்றப்பெற்று, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், இந்நோய்த்தொற்றைக் காட்டி ஒருவர்க்கு வீடு மறுப்பதையும் குடியிருப்பாரை வெளியேற்றுவதையும் தடை செய்கிறது. குடும்பத்தாரோடு கூடி வாழும் மனையினின்று துரத்தப்படாதிருக்கும் உரிமையும் அதில் உண்டு. குறைகேட்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு குறைதீர்ப்பாளரை அமர்த்துதல் வேண்டும் என்பதும் அதன் விதி. அரிசிப் பானைக்குள் மருந்தை மறைத்த அம்மையார் இச்சட்டத்தின் பெயரையும் கேட்டதில்லை. தில்லியில் ஆங்கிலத்தில் எழுந்த சட்டம் கோட்டாற்றுத் தெருவிற்கு எந்நாள் நடந்து வரும்? அதன் குடியிருப்புப் பிரிவுகளை எளிய தமிழிற் பெயர்த்து, ஊராட்சி அலுவலகம், நியாயவிலைக் கடை, மருத்துவமனை வாயில் எங்கணும் எழுதி வைத்தல் அரசின் கடன். அரசு செய்யும்வரை காத்திராமல் நம் மன்றங்கள் துண்டறிக்கையாக அச்சிட்டு வழங்கலாம். பெயர்ப்புப் பணியை யான் ஏற்கிறேன்.

இன்னொன்று. இவ்விதழைப் படிக்கும் அன்பருள் குடிக்கூலிக்கு வீடு விடுவார் பலர் உளர் என்பதை யான் அறிவேன். பின்கட்டு அறையில் இருக்கும் அத்தாயும் மகனும் இப்பொழுதும் வீடு தேடிக்கொண்டிருக்கின்றனர். மகன் வரும் பங்குனியில் பொதுத்தேர்வு எழுதவிருக்கிறான்.