எரியாத வீட்டில் எஞ்சிய புகை

நெருப்பில்லாமல் புகையாது என்பது பெரியோர் வாக்கு. ஆயினும், நெருப்பு முற்றிலும் அணைந்து பல நாட்கள் சென்ற பின்னரும் அதன் புகை ஒரு வீட்டை விட்டு அகலாமல் தங்கிவிடுவதுண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மக்கள் இதனை அனுபவத்தில் அறிந்தவர்கள்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், அங்குள்ள போல்டர் மாவட்டத்தின் காய்ந்த புல்வெளியில் தீ மூண்டது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய காற்று, அத்தீயைச் சுப்பீரியர், லூயிஸ்வில் ஆகிய சிற்றூர்களுக்குள் கொண்டு சேர்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மறுநாள் பனி பொழிந்து தீ தணிந்தது. 'மார்ஷல் தீ' எனப்படும் அப்பேரிடரில் ஒரு வீடு அடியோடு எரிந்திருக்க, அருகிலிருந்த வீடு அப்படியே நின்ற காட்சியும் காணப்பட்டது.

தம் வீடு தப்பியது என்று ஆறுதலுடன் திரும்பியவர்கள் பலருக்கு உள்ளே காத்திருந்தது கடும் நாற்றம். சன்னல், கதவு இடுக்குகளின் வழியே காற்று சாம்பலை உள்ளே திணித்திருந்தது. ஆறு மாதங்களுக்குப் பின், வீடு எரியாமல் தப்பியவர்களிடம் ஆய்வாளர்கள் விசாரித்தபோது, பதிலளித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கண் எரிச்சல், தலைவலி, வறட்டு இருமல் போன்ற ஏதேனும் ஓர் உபாதையைத் தெரிவித்தனர். அண்டை வீட்டார் அனைத்தையும் இழந்து நிற்கையில், இத்தகைய துன்பத்தை வாய்விட்டுச் சொல்லவும் மனம் கூசும்.

விறகும் சமித்தும் எரியும் புகை வேறு. ஊர் எரியும் புகை வேறு. இதில் பிளாஸ்டிக், வண்ணப்பூச்சு, மெத்தை, மின்கருவி, கார் ஆகிய யாவும் கலந்திருக்கும். அப்புகையின் வாயுக்களைச் சுவர், மரச்சாமான், திரைச்சீலை ஆகியவை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. மார்ஷல் தீக்குப் பின் எரியாத ஒரு வீட்டினுள் கருவிகளை வைத்து அளந்தபோது, அவ்வாயுக்கள் குறைந்து வெளிக்காற்றின் நிலையை அடைவதற்குச் சில வாரங்கள் ஆயின.

இதற்கு நிவாரணம் என்ன? 2022இல் மேரிலாந்து மாநிலத்தில், ஆய்வுக்கென அமைந்த ஒரு வீட்டினுள் புகையைச் செலுத்திச் சோதித்தனர். காற்றைச் சுத்திகரிக்கும் கருவி இயங்கும் வரை வாயுக்கள் குறைந்தன. நிறுத்தியதும் மீண்டும் ஏறின. சன்னலைத் திறந்து வைத்ததன் பயனும் அவ்வாறே, திறந்திருந்த வேளைக்கு மட்டுமே. தூசி தட்டுதல், உறிஞ்சுதல், துடைத்தல் ஆகிய வீட்டு வேலைகளே நிலைத்த பயனைத் தந்தன. இல்லத்தரசிகள் காலங்காலமாகச் செய்துவரும் பணியின் அருமையை அறிவியலும் உறுதி செய்தது.

ஆயினும், செய்யும் முறையில் கவனம் தேவை. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் நுண்ணிய சாம்பல் மேலெழுந்து மூச்சுக்குள் புகும். ஈரத் துணியால் துடைப்பதே நன்று. சுவர், அலமாரியின் உட்புறம் என எதனையும் விடலாகாது. உறிஞ்சும் கருவியில் நுண்துகளைத் தடுக்கும் 'ஹெப்பா' வடிகட்டி இருத்தல் அவசியம். துப்புரவு செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிதல் வேண்டும். வெப்பமூட்டும் கருவியின் வடிகட்டியை மாற்றி, துணிகளைத் துவைத்து, சாம்பல் படிந்த உணவையும் மருந்தையும் அகற்றிவிட வேண்டும். காப்பீடு பெற வேண்டுமாயின், துடைக்கத் தொடங்குமுன் எல்லாவற்றையும் படம் எடுத்து வைப்பது நலம்.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. நாற்றத்தைப் போக்கும் எண்ணத்தில் ஊதுவத்தியோ சாம்பிராணியோ ஏற்றுவது, புகையுடன் புகையைச் சேர்ப்பதேயாகும். நறுமணம் நாற்றத்தைச் சற்று மறைக்குமேயன்றி, சுவரில் ஊறியதை நீக்காது. வீடு தூய்மையாகும் வரை பூஜையறையில் தூபத்தைத் தவிர்த்து, மலர் சாத்தி வழிபடலாம். தெய்வத் திருவுருவங்களையும் படங்களையும் முதலில் மெல்லத் துடைத்துத் தூய்மை செய்தல் பொருத்தம்.

கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் இல்லத்திற்குச் செல்லும் மூத்தோர், இவற்றை நினைவில் கொள்ளுதல் நன்று. முதியோரின் இதயத்தையும் நுரையீரலையும் புகை எளிதில் வருத்தும். துப்புரவு முடியும் வரை அவர்கள் வேறிடத்தில் தங்குவதே உத்தமம். தவிர்க்க இயலாவிடில், ஓர் அறையையேனும் முதலில் நன்கு துடைத்துத் தூய்மையாக வைத்துக்கொள்ளலாம்.

காட்டுத்தீக்குத் தப்பிய வீட்டில் வாழும் உறவினரிடம், "வீடுதான் நிற்கிறதே, பிறகென்ன கவலை?" என்று ஆறுதல் கூறத் தோன்றும். அதனைக் காட்டிலும், "உள்ளே நிம்மதியாக மூச்சு விட முடிகிறதா?" என்று கேட்பதே பரிவு. நின்ற வீட்டையும் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது; அதற்குப் பொறுமையும் ஈரத் துணியும், கூட நின்று துடைக்கும் இரு கைகளும் வேண்டும்.