குப்பையும் சுழல்பீப்பாயும்

பழந்தமிழில் 'குப்பை' என்னும் சொல் இழிந்த பொருள் உடையதன்று. நெல்லாயினும் உப்பாயினும், ஓரிடத்தே குவித்து வைக்கப்பட்டது குப்பை எனப்பட்டது. பிற்காலத்திலேதான் வீட்டிலிருந்து கூட்டித் தள்ளுவனவற்றின் குவியலுக்கு அப்பெயர் சிறப்பாக வழங்கலாயிற்று. சொல்லின் பொருள் இவ்வாறு தாழ்ந்தது சொல்லின் குற்றமன்று. பேணத் தக்கதை எறியக் கற்றுக்கொண்ட நம்முடைய குற்றமே அது. வள்ளுவர் 'உழவு' என்னும் அதிகாரத்தில் உழுதலைக் காட்டிலும் நிலத்திற்கு உரமூட்டுதலை மேலாக வைத்தார். நாமோ உரமாகத் தக்கதைப் பையிலிட்டுக் கட்டி வீதியோரத்தில் வைக்கின்றோம். நம் நாட்டு நகரக் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது மட்கத் தக்க பொருளே. அதனையும் பிறவற்றோடு கலந்து மலையாகக் குவித்ததன் விளைவை, 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் கண்டோம். குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களை மூடியது.

அடுக்களைக் கழிவை வீட்டிலேயே எருவாக்குவதற்கு இந்நாளில் ஒரு கருவி வழக்கிற்கு வந்துள்ளது. கால்களின்மேற் கிடையாகப் பொருத்தி, கையாற் சுழற்றத் தக்கதாகச் செய்யப்பட்ட பீப்பாய் அது. தமிழ் கற்பிப்பவனுக்கும் பீப்பாய்க்கும் என்ன உறவு என்று வாசகர் சிலர் நகைக்கலாம். நான்கு ஆண்டுகளாக என் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றைச் சுழற்றி வருகின்றேன். ஆதலின் இரண்டொரு சொற்கள் கூறும் உரிமை எனக்குண்டு. காணி குறைந்த மலைநாட்டு வீட்டுக்கு இப்பீப்பாய் தக்க துணை என்பதே என் கருத்து. ஆயினும் அதன் ஆற்றலை அளவறிந்து மதித்தல் வேண்டும். அளவறியாது புகழ்ந்தால், கூட்டெருவுக்கு முன்னொருமுறை நேர்ந்த பழி இதற்கும் நேரும்.

அப்பழி நேர்ந்தது 2021இல். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடை செய்தது. நாடு முழுவதும் ஒரே பாய்ச்சலிற் சேதன வேளாண்மைக்கு மாறிவிடும் என்று கூறப்பட்டது. விளைச்சல் குன்றிற்று, உழவர் வீதிக்கு வந்தனர், நவம்பரில் தடை நீங்கிற்று. உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பயிரிட்டு வாழும் வெலிமடைப் பகுதியில், அதன் பின்னர்க் கூட்டெரு என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிப்போரைக் காண்கின்றேன். அவர்கள் சினத்திற்குக் காரணமுண்டு. ஆனால் அச்சினம் சென்று சேர வேண்டிய இடம் எருவன்று.

கணக்கொன்று பார்ப்போம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு மூட்டை யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன்; அஃதாவது 23 கிலோ. வீட்டிற் செய்யும் கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கு என்று கொண்டால், அம்மூட்டை ஒன்றுக்கு ஈடாக 2,300 கிலோ எரு வேண்டும். அதிலும் பெரும்பகுதி முதற் போகத்திலேயே பயிருக்குக் கிட்டுவதில்லை. சிறிது சிறிதாகவே வெளிவரும். ஏக்கர் கணக்கிற் பயிரிடும் உழவனை நோக்கி, 'இன்றே மூட்டையை விடு, எருவைப் பிடி' என்று கட்டளையிட்டது எத்துணைப் பொருந்தாச் செயல் என்பதை இச்சிறு கணக்கே காட்டும். எருவின் உண்மையான சிறப்பு வேறு. அது மண்ணைப் பொலபொலப்பாக்கும், நீரைப் பிடித்து வைக்கும், மண்ணுயிர்களுக்கு உணவாகும். இச்சிறப்பு முதற்கண் வெளிப்படும் இடம் வீட்டுத்தோட்டமே.

இனி, வீட்டுத்தோட்டம் என்பது எவ்வளவு? ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து முற்றத்தில் நான்கு பாத்தி கட்டியவர்களே பெரும்பாலோர். அண்மைக் காலத்தில் மலையகத்துத் தனிவீட்டுத் திட்டங்களின் கீழ் ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் பெற்ற குடும்பங்களும் உள. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சுவது 1,350 சதுர அடி. அதிலும் பாதைக்கும் படிக்கும் நீர்த்தாங்கிக்கும் இடம் வேண்டும். எஞ்சியதும் சமநிலமன்று, சரிவு.

'குழி வெட்டினாற் போதாதா? பீப்பாய் எதற்கு?' என்று வினவுவோர்க்கு என் விடை இது: இடமுள்ளவர்க்குக் குழியும் குவியலுமே மேலானவை, செலவும் இல்லை. இடமில்லாதவர் நிலை வேறு. வடகீழ்ப் பருவமழையிற் குழி குளமாகும். குவியலின் சாரம் சரிவிலே வழிந்தோடும். எலியும் நாயும் கிளறும். காட்டுப்பன்றி தேடி வரும். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு வீட்டுக் குழியின் நாற்றம் மறுவீட்டின் வழக்காகும். மூடியுள்ள பீப்பாய், தரையினின்று உயர்ந்து, மூன்றடி இடத்தில் நின்று, இத்தொல்லைகளைப் பெரிதும் தவிர்க்கின்றது.

இதன் தத்துவம் புதியதன்று. ஆல்பர்ட் ஹவார்ட் என்னும் ஆங்கில வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரிற் பணியாற்றினார். கீழைநாட்டு உழவரின் பழக்கங்களை ஆராய்ந்து அவர் வகுத்த கூட்டெரு முறை, இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது. பயிர்க்கழிவும் சாணமும் அடுக்கி, இடையிடையே மும்முறை புரட்டி, மூன்று மாதத்தில் எரு எடுப்பது அம்முறை. புரட்டுவதன் நோக்கம் காற்றூட்டல். காற்றை வேண்டும் நுண்ணுயிர்கள் பெருகினால் நாற்றமின்றி மட்கும், காற்றில்லையேல் அழுகும். மண்வெட்டியாற் புரட்டிய அதே வேலையை அச்சின்மேல் ஏற்றியதே சுழல்பீப்பாய்.

பீப்பாயைத் தெரிவு செய்வோர் முதலில் நோக்க வேண்டியது அதன் அளவு. பெரிதாயின் நன்று என்று எண்ணுதல் வழுவாகும். இருநூறு லீற்றர்ப் பீப்பாய் ஈரக் கழிவால் நிறையும்போது நூறு கிலோவையும் எட்டும். வீட்டிலுள்ள முதியோராற் சுழற்ற இயலாது. சுழற்றப்படாத சுழல்பீப்பாய் வெறும் குப்பைத் தொட்டியே. நால்வர் ஐவர் உள்ள வீட்டுக்கு 120 முதல் 160 லீற்றர் போதும். இரண்டாவது, உள்ளே நடுச்சுவர் இட்டு இரண்டு அறையாகப் பிரித்ததே சிறந்தது. ஓர் அறை நிறைந்து மட்கும் காலத்தில் மற்றதில் புதுக்கழிவை இடலாம். ஓரறைப் பீப்பாயில் நாள்தோறும் இட்டுக்கொண்டேயிருந்தால் எரு என்றும் முடிவுறாது. மூன்றாவது, அச்சும் கால்களும். பீப்பாயின் விலையைக் காட்டிலும் கால்களின் உறுதியே பெரிது. சரிவான நிலத்தில் அவற்றைக் கல் பதித்து நிறுத்துக. நான்காவது, காற்றுத் துளைகளும், ஈக்கள் புகாத வலையும், அடியில் நீர் வடியத் துளையும், மண்வெட்டி நுழையும் அகலமுள்ள கதவும் இருத்தல் வேண்டும்.

கடையில் விற்பதன் விலை கைக்கு எட்டாதாயின், பழைய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றும் இரும்புக் குழாய் ஒன்றும் கொண்டு ஊர்த் தச்சரோ ஒட்டு வேலை செய்பவரோ ஒரு நாளிற் செய்து தருவர். அங்கே ஓர் எச்சரிக்கை. மரக்கறிப் பயிர்ச்செய்கை மிகுந்த எம் பகுதியிற் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் வந்த கலன்கள் மலிந்து கிடக்கின்றன. அவற்றை எத்துணைக் கழுவினாலும் இவ்வேலைக்குக் கொள்ளற்க. உணவுப் பொருள் வந்த பீப்பாயையே தேடிப் பெறுக.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். பச்சைக் கழிவு ஒரு பங்காயின், காய்ந்த கழிவு இரண்டு முதல் மூன்று பங்கு இடுதல் வேண்டும். மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் காட்டுச் சூரியகாந்தித் தழையும் பச்சை வகை; சவுக்குச் சருகும் உலர்ந்த மானாப்புல்லும் கிழித்த கடதாசியும் காய்ந்த வகை. முன்னவை நைதரசனையும் பின்னவை காபனையும் தருகின்றன. பைனஸ் ஊசியிலை மட்கக் காலம் பிடிக்கும், சிறிதளவே இடுக. மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் ஆகாதவை. பழைய எருவோ தோட்ட மண்ணோ இரண்டு கைப்பிடி சேர்த்தால், மட்கச் செய்யும் உயிர்கள் விரைந்து குடியேறும்.

பிழிந்த துணியைப் போன்ற ஈரம் இருத்தல் நன்று. கையிலெடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசியலாம், ஒழுகலாகாது. நாறினால் ஈரம் மிகுந்தது என்க. சருகு சேர்த்துச் சுழற்றுக. ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் ஆடி, ஆவணி மாதத்து வறண்ட காற்று பீப்பாயையும் உலர்த்திவிடும். அக்காலத்தில் நீர் தெளிக்க மறவற்க. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நாலைந்து சுற்று போதும். ஓயாது சுழற்றினால் உள்ளிருப்பது உருண்டை உருண்டையாகத் திரளும், சூடும் தணியும். முக்காற் பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளிருப்பது புரள இடமிராது.

விளம்பரங்கள் இரண்டு வாரத்தில் எரு என்கின்றன. வெலிமடைக் குளிரில் அதனை நம்பிக் காத்திருப்போர் ஏமாறுவர். ஒரு கன மீற்றர் அளவுள்ள குவியலே தன் சூட்டைத் தானே நெடிது பேணவல்லது. பீப்பாயின் கொள்ளளவு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. என் பட்டறிவில், பீப்பாயில் இரண்டரை மாதம். பின்னர் வெளியே எடுத்து நிழலில் மண்மேற் குவித்து ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் மண்புழுக்கள் வந்து வேலையை முடிக்கும். சூடு நீடியாமையால் நோய்க்கிருமியும் களைவிதையும் உறுதியாகச் சாவதில்லை. வாடல்நோய் கண்ட உருளைக்கிழங்குச் செடியையும், வேர்முண்டு கண்ட கோவாவையும், விதை முற்றிய களையையும் பீப்பாயில் இடுதல் தோட்டத்திற்கு நாமே நோயை விதைப்பதாகும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பீப்பாய் தருவது ஒரு தடவைக்கு இரண்டு மூன்று வாளி எருவே. அது நாட்டின் பசளைச் சிக்கலைத் தீர்க்காது. தீர்க்கும் என்று எவரும் கூறற்க. ஆனால் கீரைப் பாத்தி இரண்டுக்கும் கறிமிளகாய்ச் செடி பத்துக்கும் அது போதும். நெடுங்காலம் பிறர் நிலத்தைச் செழிக்க வைத்த மலையக மக்கள், தமக்கென்று கிடைத்த ஏழு பேர்ச்சின் மண்ணைத் தம் அடுக்களைக் கழிவாலேயே செழிக்க வைப்பதென்பது வாளிக் கணக்கில் அளக்கத் தக்கதன்று. அம்மண் ஆண்டுதோறும் கருத்து வளர்வதைக் காணும் பிள்ளை, நிலம் என்பது கூலி பெறும் இடம் மட்டுமன்று என்பதை அறியும்.

ஆகலின் தோட்டப் பாடசாலைதோறும் ஒரு சுழல்பீப்பாய் வைக்க வேண்டும் என்று ஆசிரிய நண்பர்களை வேண்டுகின்றேன். மதிய உணவுக் கழிவும் முற்றத்துச் சருகும் அதற்குப் போதும். விஞ்ஞான ஆசிரியர் வெப்பமானி கொண்டு அதன் சூட்டை அளக்கட்டும். கணித ஆசிரியர் விகிதத்தைக் கற்பிக்கட்டும். தமிழாசிரியனுக்கும் அங்கே வேலையுண்டு. பின்தங்கிய மாணவனை 'மக்கு' என்று ஏசும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் ஒழியவில்லை. மக்குதல் என்பது மண்ணுக்கு உயிரூட்டும் தொழில் என்பதையும், அதற்குக் காற்றும் ஈரமும் காலமும் கொடுத்தல் வேண்டும் என்பதையும் அப்பீப்பாயின் அருகில் நின்று ஒருமுறை சொல்லிக் கொடுப்போமாக.