கட்டவிழும் சுவடிகள்

2025 பிப்ரவரியில் தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கையில் 'ஞான பாரதம்' இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து, ஆவணப்படுத்திப் பாதுகாப்பது அதன் நோக்கம். கல்வி நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், நூலகங்கள் ஆகியவற்றோடு தனியார் சேகரிப்பாளர்களும் இப்பணியில் இணைவார்கள் என்றார் நிதியமைச்சர். என் கவனத்தை ஈர்த்தது இந்தக் கடைசிச் செய்திதான். தொல்பொருள் குறித்த நம் அரசுகளின் பேச்சில் தனியார் சேகரிப்பாளர் பெரும்பாலும் சந்தேகத்துக்குரியவராகவோ கண்டுகொள்ளப்படாதவராகவோதான் இருந்து வந்திருக்கிறார். இப்போது பங்காளி ஆகிறார். வரவேற்க வேண்டிய மாற்றமே. ஆயினும், சேகரிப்பாளரின் கையில் ஒரு நூலுக்கு என்ன நேரக்கூடும் என்பதை அறிந்தே இந்த உறவுக்கு விதிகள் வகுக்கப்பட வேண்டும். அதற்கு ஈரான் நாட்டு நூல் ஒன்றின் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை.

பாரசீகக் கவிஞர் பிர்தௌசி இயற்றிய 'ஷாநாமா'வுக்கு 16-ஆம் நூற்றாண்டில் தப்ரீஸ் அரசவையில் ஓர் ஓவியப் பிரதி உருவானது. மன்னர் ஷா தஹ்மாஸ்பின் ஆதரவில் பல ஓவியர்களும் எழுத்தர்களும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து முடித்த அந்த நூலில் 759 ஏடுகள், 258 ஓவியங்கள். 1568-இல் அது துருக்கியின் உதுமானியச் சுல்தான் இரண்டாம் செலிமுக்குப் பரிசாகச் சென்றது. அரண்மனை நூலகத்தில் நூற்றாண்டுக் கணக்கில் பத்திரமாக இருந்துவிட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் ரோத்ஷீல்டு குடும்பத்தின் உடைமையாக வெளிப்பட்டது. அதுவரை நூல் முழுதாகவே இருந்தது. போரும் அரச மாற்றமும் கடல் பயணமும் அதன் கட்டைப் பிரிக்கவில்லை.

1959-இல் அதை வாங்கியவர் அமெரிக்கரான ஆர்தர் ஹவுட்டன். அவர் கலையறியாத பணக்காரர் அல்லர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அரிய நூல்களுக்கான நூலகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். நூல்களைக் காப்பதற்கென்றே நூலகம் எழுப்பிய அந்த மனிதர்தான் இந்த நூலைப் பிரித்தார். 78 ஓவியங்களை மெட்ரோபாலிட்டனுக்கு நன்கொடையாக அளித்தார். 1976-இல் லண்டனில் ஏழு ஏடுகளை ஏலத்துக்கு அனுப்பினார். மேலும் பல, பின்னர் தனித்தனியே கைமாறின. அவர் மறைந்த பிறகு, எஞ்சிய 118 ஓவியங்களையும் எழுத்துப் பக்கங்களையும் அட்டையையும் ஈரான் 1994-இல் மீட்டது. விலையாகப் பணம் தரவில்லை. டெஹ்ரான் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த வில்லம் டி கூனிங்கின் ஓவியம் ஒன்றை ஈடாகக் கொடுத்தது. வியன்னா விமான நிலையத்தில் நடந்தது அந்தப் பண்டமாற்று. மீதமுள்ள அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உலகின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று 2022 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. (அறிஞர் உலகில் வெகுகாலம் இந்த நூல் 'ஹவுட்டன் ஷாநாமா' என்றே வழங்கியது. பிரித்தவரின் பெயரால் நூலை அழைத்த கொடுமையை என்னவென்பது!)

இதை ஒரு தனிமனிதரின் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே டெமோட் என்ற பாரிஸ் வணிகர், 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு ஷாநாமாவை முழுதாக விற்க முயன்றார்; கேட்ட விலை கிடைக்கவில்லை; பிரித்தார். ஓர் ஏட்டின் இருபுறமும் ஓவியம் இருந்தால், இரண்டையும் தனித்தனியே விற்பதற்காக அந்தத் தாளையே இரண்டாக உரித்தார். இதில் இயங்குவது சந்தையின் எளிய கணக்கு. நூலாக இருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரு விரிப்பைத்தான் காட்சிக்கு வைக்க முடியும். வாங்கும் வசதியுள்ளோரும் சிலரே. ஏடுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுவரில் மாட்டத்தக்க ஓவியம், வாங்குவோர் நூற்றுக்கணக்கானோர். உதிரிகளின் கூட்டுத்தொகை முழுமையின் விலையை மிஞ்சும்வரை கத்தரிக்கோலுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

அழகியல் இழப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. பிரிந்த ஏட்டுக்கு ஊர், பேர் இல்லை. எழுதியவர், எழுதுவித்தவர், காலம், உடைமையாளரின் முத்திரை ஆகிய அடையாளங்கள் பெரும்பாலும் நூலின் தொடக்கத்திலும் இறுதியிலும்தான் இருக்கும். நடு ஏடு ஒன்று தனியே சந்தைக்கு வந்தால், அது திருட்டுப் பொருளா என்று கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து 2005-இல் காணாமற்போன, தரங்கம்பாடியில் 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு லண்டனில் இருப்பதை 2022-இல் தமிழகக் காவல் துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு கண்டறிந்தது. முழு நூலாக, சரபோஜி மன்னரின் கையொப்பத்தோடு இருந்ததால் அதை இனங்காண முடிந்தது. உதிர்ந்த பக்கங்களாக விற்றிருந்தால் வழக்குக்கே இடமிருந்திருக்காது.

பிப்ரவா மணிகளின் வரலாறும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவா தூபியில் 1898-இல் கிடைத்த, புத்தரின் எலும்பு எச்சங்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட மணிகளில் ஒரு பகுதி, அகழ்ந்தெடுத்த ஆங்கிலேயரின் குடும்பத்திடமே தங்கியது. 2025 மே மாதம் அவை ஹாங்காங் ஏலத்துக்கு வந்தபோது இந்திய அரசு சட்ட அறிவிப்பு அனுப்பித் தடுத்தது; ஜூலையில் கோத்ரெஜ் குழுமம் வாங்கியதால் 349 மணிகள் நாடு திரும்பின. நம்முடையதையே விலை கொடுத்து வாங்குவது முறையா என்ற கேள்வி நியாயமானது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால், 127 ஆண்டுகளாக அந்தக் குடும்பம் அவற்றைச் சிதறவிடாமல் ஒரே தொகுப்பாக வைத்திருந்ததால்தான் உரிமை கோரவே முடிந்தது என்பதையும் மறுக்க இயலாது.

இனி நம் ஓலைச்சுவடிகளுக்கு வருவோம். தமிழகத்தில் பழம்பொருள் கடைவீதி ஒன்றில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிய இரண்டு பனையோலைகளை வீட்டு அலங்காரப் பொருளாக விற்கக் கண்டேன். எந்த நூலின் ஏடுகள் என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை, வாங்குகிறவர் எவரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். பாரசீக ஏட்டுக்காவது ஓவியத்தின் மதிப்பு உண்டு. ஓவியமில்லாத ஓலை, கட்டிலிருந்து நீங்கினால் வெறும் ஓலை. மருத்துவச் சுவடியில் அந்த ஓர் ஏடு இல்லையெனில் மருந்தின் அளவு தெரியாமல் போகும். இலக்கியச் சுவடியில் பாட்டின் தொடர்ச்சி அறுந்துபோகும்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் 75 ஆண்டுகளைக் கடந்த, அறிவியல், வரலாற்று, இலக்கிய அல்லது அழகியல் மதிப்புள்ள சுவடியைத் தொல்பொருளாகக் கொள்கிறது. தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. ஆனால் உடைமையாளர் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டிய பட்டியலில் ஓவியமோ அலங்கார வேலைப்பாடோ உள்ள சுவடிகள் மட்டுமே இடம்பெற்றுள்ளன. நம் ஓலைச்சுவடிகளில் மிகப் பெரும்பாலானவை வெறும் எழுத்து. அவை யாரிடம் எத்தனை உள்ளன என்பதற்குச் சட்டப்படி கணக்கே இல்லை. கடத்துபவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஓர் ஓலை அஞ்சல் உறைக்குள் அடங்கிவிடும்.

மின்னுருவாக்கம் இதற்குத் தீர்வாகும் என்று நம்புவோரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தஹ்மாஸ்பின் ஷாநாமாவிலுள்ள 258 ஓவியங்களும் 1981-இல் இரு பெரும் தொகுதிகளாக அச்சிடப்பட்டுவிட்டன. அதன் பிறகும் ஏடுகள் ஏலம் போவது நிற்கவில்லை. விலை ஏறவே செய்தது. படம் எடுத்தாயிற்றே, இனி மூலம் எங்கிருந்தால் என்ன என்ற மனப்போக்கு நூலகங்களிலும் தலைதூக்கக்கூடும்.

ஆகவே, ஞான பாரதம் இயக்கத்தின் கணக்கெடுப்பு நூலின் பெயரோடு நிற்கலாகாது. ஒவ்வொரு கட்டிலும் எத்தனை ஏடுகள், அவற்றின் நீள அகலம், துளைகளின் இடம், முதல் ஏடும் இறுதி ஏடும் எவ்வாறு முடிகின்றன என்பவை பதிவாக வேண்டும். உதிரி ஏடுகளை விற்கும் வணிகர், அவை எந்தக் கட்டிலிருந்து வந்தவை என்று காட்டக் கடமைப்பட்டவராக வேண்டும். சேகரிப்பாளர்களுக்கும் ஓர் உறுதி தேவைப்படுகிறது. தொல்பொருளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு அதே சட்டத்தில் இருப்பதால், கணக்குக் கொடுத்தால் சுவடியே கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சிப் பலர் பேழையைத் திறப்பதில்லை. முழுமையாகக் காப்பவரிடமிருந்து எடுக்கமாட்டோம் என்று அரசு எழுத்தில் அறிவித்தால் அந்த அச்சம் தணியும். எழுத்துச் சுவடிகளையும் பதிவுப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் இயற்ற வேண்டிய தேவையில்லை. மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.