கன்றுக்குக் கணக்கு உண்டு, பெயர் இல்லை

மரக்கன்று நடும் விழாக்களுக்கு எங்கள் காஞ்சி வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. ஆயிரம் நட்டோம், பத்தாயிரம் நட்டோம் என்கிறார்கள். என்ன மரம் என்று கேட்டால், "எந்த மரமா இருந்தா என்ன சார்? நிழல் குடுத்தா சரி" என்று பதில் வருகிறது. பெயர்ப் பத்தி காலியாக இருக்கும் பதிவேட்டை எந்த ஆபீசில் ஒப்புக்கொள்வார்கள்? காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்தவன் கேட்கிறேன்.

தைலமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாலிப வயதிலிருந்து அதன் மொட்டையும் காயையும் பொறுக்கிப் பார்ப்பது எனக்கு ஒரு பித்து. 1788-ல் அதற்கு யூகலிப்டஸ் என்று பெயர் வைத்த லெரித்தியே, பிரெஞ்சு அரசாங்க உத்தியோகஸ்தர். 'நன்றாக மூடியது' என்று கிரேக்க மொழியில் பொருள். மொட்டின் மேல் தொப்பி போல ஒரு மூடி இருக்கும். அது விழுந்தால்தான் பூ. ஆஸ்திரேலியாவில் இதில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம்மவர்களுக்கு எல்லாமே ஒரே தைலமரம்!

நீலகிரிக்கு 1843-ல் இந்த மரங்கள் வந்தன. அங்கே தைலம் காய்ச்சுவது குளோபுலஸ்; காய் பெரியது, கரடுமுரடானது, பெரும்பாலும் ஒற்றையாக இருக்கும். நம் சமவெளியில் காகிதக் கூழுக்காக வரிசை வரிசையாக வளர்ப்பது டெரெட்டிகார்னிஸும் அதன் கலப்பும். மொட்டுகள் கொத்தாக, மூடி கொம்பு போல் நீண்டிருக்கும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வருகிறதா? அது சிட்ரியோடோரா. 1995-ல் அதை கோரிம்பியா என்ற வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். இந்த மரத்தை நடுகிறவர்களுக்கும் இது தெரியாது, திட்டுகிறவர்களுக்கும் தெரியாது. அதன் சொந்த மண்ணில் அது நம் வேம்பு மாதிரி. நம் ஏரிக்கரையில் அதை நட்டது அதன் குற்றமா?

"பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்பீர்கள். நுணா மரத்தைப் பாருங்கள். பழைய தாவரவியல் நூல்களில் அதன் பெயர் மொரிண்டா டிங்டோரியா. டிங்டோரியா என்றால் சாயத்துக்கு உரியது. அதன் வேர்ப்பட்டையிலிருந்து துணிக்குச் சாயம் எடுத்தார்கள். தறியை நம்பிப் பிழைக்கும் ஊரிலேயே அதை வெட்டிப் போட்டு, வெளிநாட்டுக் கன்றை நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

பெயர் ஒரு மரத்தைக் காப்பாற்றும் என்பதற்குச் சாட்சி எங்கள் திருப்பருத்திக்குன்றத்திலேயே இருக்கிறது. திரைலோக்கியநாதர் கோவிலில் நிற்கிறதே குரா மரம், அதைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லிக் கும்பிட்டார்கள். அதனால்தான் ஒருவனும் அதன்மேல் கோடரி வைக்கவில்லை. வெறும் 'மரம்' என்றிருந்தால் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும்.

ஆகவே விழா நடத்துகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் மூன்று வரி எழுதுங்கள்: தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், சொந்த நாடு. வேகவதிக் கரைக்கு மருது, தெருவுக்குப் புங்கு, கோவில் நிலத்துக்கு இலுப்பை என்று இடம் பார்த்து நடுங்கள். நூறு போதும். இது முடியாதென்றால் என்னைக் கூப்பிடாதீர்கள். காபி குடித்துவிட்டுக் கைதட்ட நான் வரமாட்டேன்.