கவரைப்பேட்டைக்கு ஒரு பதில் பாக்கி

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலை ஒன்றில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கிறேன். 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணியளவில் அருகிலுள்ள கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பிடித்தது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை.

அன்றிரவு தெற்கு ரயில்வே செய்ததை மனதாரப் பாராட்டுகிறேன். உதவி எண்களை அறிவித்தார்கள். பயணிகளைப் பேருந்துகளில் ஏற்றி, விடியுமுன் சென்னை சென்ட்ரலிலிருந்து சிறப்பு ரயிலில் அனுப்பினார்கள். மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல் கொடுத்தும் ரயில், சரக்கு ரயில் நின்ற லூப் லைனில் புகுந்ததை மறைக்காமல் சொன்னார்கள். இது அரிது: என் தொழிலில், 'எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்ற ஒற்றை வரியைத்தான் மேலிடம் முதலில் கேட்கும்.

பிறகுதான் கோட்டை விட்டார்கள். கழற்றப்பட்ட போல்ட், சதி, என்.ஐ.ஏ. என்று செய்தி துண்டு துண்டாகக் கசிந்தது. நாசவேலை என்ற ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் முடிவு 2025 ஜூலையில்தான் வெளியே தெரிந்தது. அதுவரை மின்சார ரயிலில் அந்த இடத்தைக் கடந்தவர்களுக்கு வாட்ஸ்அப் வதந்திதான் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம்: 1982இல் சிகாகோவில் டைலனால் என்ற வலிநிவாரணி கேப்சூல்களில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். குற்றவாளி சிக்கவில்லை. ஆனாலும் அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்று, யார் பிரித்தாலும் தெரிந்துவிடும் உறையோடு மறுபடி விற்றது. வாங்குபவர் கையிலேயே பதில் இருந்தது.

இங்கே, ரயிலைத் தடம் மாற்றும் பாயின்டின் போல்ட்டை இனி எவரும் கழற்ற முடியாதபடி என்ன செய்திருக்கிறார்கள்? கவரைப்பேட்டை நடைமேடையில் அதைத் தமிழில் எழுதி வையுங்கள்.