கல் அர்ச்சுனனுக்குக் கூட்டம், மரமேறும் அர்ச்சுனனுக்கு எட்டு நிமிடம்

"அதான் யூடியூப்ல இருக்கே, எதுக்கு ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு உக்காரணும்?"

கூத்துக்கோ நாடகத்துக்கோ கூப்பிட்டால் என் வயது நண்பர்கள் சொல்லும் பதில் இது. நானும் அவர்களைப் போல மென்பொருள் எழுதிப் பிழைப்பவன்தான். புதுப்பட்டினத்தில் வீடு, சென்னையில் வேலை. அதனால் அவர்களுக்குப் புரியும் பாஷையிலேயே சொல்கிறேன்: இந்தப் பதில் ரசனைப்படி தப்பு என்பதற்கு முன்னால், தொழில்நுட்பப்படியே தப்பு.

வீடியோ ஒருவழிப் பாதை. நீங்கள் கொட்டாவி விட்டாலும் அழுதாலும் அதற்குத் தெரியாது. கூத்து அப்படியில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டம் சொக்கிப்போகிறதென்றால் கட்டியங்காரன் முதலில் கண்டுபிடித்துவிடுவான். உள்ளூர் ரேஷன் கடையையோ முன்வரிசையில் தூங்குகிற மாமாவையோ இழுத்து ஒரு வசனம் விடுவான். கூட்டம் சிரிக்கும். மத்தளக்காரர் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடியைப் போடுவார். ஆட்டத்தில் பாதியை எழுதுவது பார்க்கிறவர்கள். பதிவில் மிஞ்சுவது மீதிப் பாதிதான். அதைப் பார்த்துவிட்டு "கூத்து ஸ்லோவா இருக்கு" என்பது, போனில் ஒருவர் பேசுவதை மட்டும் ஒட்டுக்கேட்டுவிட்டு "என்னய்யா இந்தாளு தனியாப் பேசுறான்" என்பதைப் போன்றது.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் மாமல்லபுரம். அங்கே பாறையில் ஒற்றைக்காலில் நிற்பவனை அர்ச்சுனன் என்கிறோம். பகீரதன் என்பாரும் உண்டு. 1984-ல் மாமல்லபுரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2019 அக்டோபரில் சீன அதிபருக்குப் பிரதமர் சுற்றிக்காட்டியது இந்தப் பாறையைத்தான். இதே வட தமிழகத்தில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில், உயிருள்ள ஓர் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான். வேஷம் கட்டிய கூத்துக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக உயரத்துக்குப் போவார். கீழே குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். மேலேயிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் மடியேந்துவார்கள். நம்பிக்கை உங்களுக்கு இருக்கோ இல்லையோ, அந்த நேரத்தில் ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்பதைப் பார்க்கவேண்டும். கால் வழுக்கினால் அவர் விழுவார். ரீவைண்ட் கிடையாது.

கல்லுக்கு வரிசையில் நிற்கிறோம். ஆளுக்கு என்ன கொடுக்கிறோம்? நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் பறையாட்டக் குழுவை அழைத்தார்கள். எட்டு நிமிடம். விருந்தினர் காரிலிருந்து இறங்கி மேடைக்கு நடக்கும் நேரம் அவ்வளவுதான். பறையைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டவே அதைவிட நேரமாகும். அது முடிந்ததும், "நம்ம கலையைக் காப்பாத்தணும்" என்று ஒருவர் மைக்கில் பேசினார். பதினைந்து நிமிடம்.

"காப்பாற்றுவது" என்ற சொல்லே எனக்கு ஆகாது. அதில் ஒரு அருங்காட்சியக வாடை இருக்கிறது. உடனே ஒரு நியாயமான கேள்வி வரும்: இந்தக் கலைகளில் சாதி இல்லையா? இருக்கிறது. சாவுக்குப் பறையடிப்பதைப் பிறப்பின் கடமையாகத் திணித்த ஊர்கள் இவை. கூத்தில் திரௌபதி வேஷம்கூட ஆண்கள்தான் கட்டிவந்தார்கள். அதனால்தான் பழமையின் பெயரால் நான் வாதாடவில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977-லிருந்து சென்னை நடிகர்களின் உடம்புக்குள் கூத்தின் அடவைக் கொண்டுபோனது. அந்த நடிகர்களுக்குக் கற்றுத்தந்தவர் புரிசை கண்ணப்பத் தம்பிரான். புரிசைக் குழு மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவனையே கூத்தாக்கியது. நிகழ்கலை மாறும். மாறாமல் நிற்பது பாறைதான்.

இதன் சக்தியில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அதிகாரத்தைக் கேளுங்கள், அதற்குத் தெரியும். வெள்ளைக்காரன் 1876-லேயே நாடகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டான். அவன் போன பிறகு, 1954-ல், நாமும் நம் மாநிலத்துக்கென ஒன்று போட்டுக்கொண்டோம். ஞாநி வழக்குப் போட்டு, அதன் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆனது. 1989 ஜனவரி முதல் நாள், டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மியை அடித்தார்கள், மறுநாள் இறந்தார். ஜனவரி 4-ம் தேதி அவர் மனைவி மொலொயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப்போய், பாதியில் நின்ற நாடகத்தை முடித்தார்கள். ஒரு ரீலை முடித்துவைக்க அப்படி யாரும் திரும்பிப் போவதில்லை.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக அடுக்ககங்கள் முளைக்கின்றன. நீச்சல் குளம் உண்டு, ஜிம் உண்டு, நாய் நடக்கத் தனிப் பாதைகூட உண்டு. நூறு பேர் தரையில் உட்கார்ந்து ஒரு ஆளை நேருக்கு நேர் பார்க்க ஒரு மண் திடல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதற்குச் சிரிப்பார், எதற்கு அழுவார் என்று தெரியாமலே முப்பது வருடக் கடன் கட்டப்போகிறோம். ஊர் என்பது அதைத் தெரிந்துகொள்ளும் இடம். அதற்கு நம்மிடம் இருந்த ஏற்பாடுதான் கூத்து.

ஆகவே உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் அடுத்த பொங்கலுக்கு டிஜே வைக்கலாமா என்று பேச்சு வந்தால், கையைத் தூக்குங்கள். ஒரு குழுவை அழையுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வரவேற்புக்கு நிறுத்தாதீர்கள், முழு ஆட்டத்தையும் விடுங்கள். விடிய விடிய முடியாதென்றால் மூணு மணி நேரமாவது உட்காருங்கள். போனைப் பைக்குள் வையுங்கள். கட்டியங்காரன் உங்களைத்தான் தேடிக்கொண்டிருப்பான்.