தையல் மெஷின் இருக்கட்டும், பஞ்சமி நிலம் எங்கே?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் காலனிகளில் கம்பெனிப் பெயர் எழுதிய பலகைகள் பெருகிவிட்டன. பள்ளிச் சுவருக்குப் பெயின்ட், குடிநீர் எந்திரம், பெண்களுக்குத் தையல் மெஷின், இளைஞர்களுக்குத் 'திறன் பயிற்சி'. இதற்குச் சமூக மேம்பாடு என்று பெயர். குடிநீரை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தானம் என்று சொல்வதைத்தான் மறுக்கிறோம்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். ஆனால் எதற்குச் செலவு என்று முடிவெடுப்பது இயக்குநர்கள். சேரிக்கு அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை.

பயிற்சி முடித்த பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட். தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களிடம் திறன் இல்லாமலா போயிற்று?

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் மருத்துவமனைக்குப் போனதும், ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்யவே நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. இளைஞர் மேம்பாடு என்று நாம் சொல்வது இதைத்தான். எந்தக் கம்பெனிப் பலகையிலும் இது எழுதப்படாது.

நிலத்துக்கு வருவோம். அன்றைய செங்கல்பட்டு மாவட்ட கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அதே மண்ணில், காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். இன்று சென்ட் கணக்கில் விலை பேசப்படும் இந்த வட்டாரத்தில், அந்த நிலங்களில் எது யார் கையில் இருக்கிறது என்று எந்தத் திறன் பயிற்சியும் சொல்லித் தராது.

நைரோபி குடிசைப் பகுதி மக்கள் 'முவுங்கானோ வா வனாவிஜிஜி' என்ற கூட்டமைப்பில் திரண்டு, தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுத்தார்கள். அரசு வந்து எண்ணட்டும் என்று காத்திருக்கவில்லை. நமக்கும் நோட்டும் பேனாவும் போதும். நம் தெருவில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் காண்ட்ராக்ட், எத்தனை பேருக்குப் பட்டா என்று நாமே எழுதுவோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டு, தாலுகா அலுவலகத்தில் ஊரின் பழைய அ-பதிவேட்டு நகலைக் கேட்போம். அதில் 'டி.சி. நிலம்' என்று குறித்த ஒவ்வொரு சர்வே எண்ணையும் மே 1 கிராம சபையில் சத்தமாக வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்து வரக்கூடாது.